பனலுக்கு 25 வருடம், பொருத்திய கொம்பனிக்கு எத்தனை வருடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் கொஞ்ச நாளாக அரைப்பக்கத்துக்கு வரும் சோலர் விளம்பரங்களைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். விளம்பரம் போடுவது அவரவர் உரிமை, அந்தக் காசிலும்தான் பத்திரிகை ஓடவேண்டும். அதில் எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் ‘25 வருட உத்தரவாதம்’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அந்த உத்தரவாதத்தை யார் தருகிறார், எதற்குத் தருகிறார் என்பதை ஒரு விளம்பரமும் சொல்லவில்லை. வாசகர் யாராவது எழுதுவார் என்று பார்த்தேன். ஒருவரும் எழுதவில்லை.

காரைதீவில் சிறிய மின் உபகரணத் திருத்தகம் வைத்திருக்கிறேன். மோட்டார் சுற்றுவது, மின்விசிறி, வீட்டு வயரிங் என்று தொடங்கிய கடை. இப்போது பாதி வேலை சோலர்தான். பொருத்துகிற வேலை எனக்கு அதிகம் வருவதில்லை, மற்றவர்கள் பொருத்திவிட்டுப் போனதைப் பார்க்கச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். தெற்கே திருக்கோவில், வடக்கே கல்லடி, மேற்கே சம்மாந்துறை வரைக்கும் கூரை ஏறியிருக்கிறேன். ஆகவே நான் சொல்லப்போவது கூரைமேல் நின்று பார்த்தவனின் கதை.

முதலில் அந்த 25 வருடம். பனலோடு வரும் உத்தரவாதத் தாளை எடுத்து வாசித்தால் விஷயம் விளங்கும். 25 வருடம் என்பது, காலம் போகப்போகப் பனலின் சக்தி எவ்வளவு குறையலாம் என்பதற்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் வாக்கு. வருடத்துக்கு அரைச் சதவீதம் போலக் குறையும், கடைசி வருடத்திலும் எண்பது சதவீதத்துக்கு மேல் மிஞ்சும் என்ற மாதிரி எழுதியிருக்கும். பனலுக்குள் ஈரம் போவது, பின்பக்கத் தாள் வெடிப்பது போன்ற தயாரிப்புக் குறைகளுக்கு வேறு உத்தரவாதம், அது பெரும்பாலும் 10 அல்லது 12 வருடம். பனலின் மின்சாரத்தை வீட்டுக்கும் லைனுக்கும் ஏற்ற மாதிரி மாற்றும் இன்வெர்ட்டருக்கு 5 முதல் 10 வருடம். கூரையில் துளைபோட்ட வேலைக்கும் வயர் இழுத்த வேலைக்கும் பொருத்திய கொம்பனி தருவதாக நான் கண்ட தாள்களில் இருப்பது ஒரு வருடம், மிஞ்சிப்போனால் இரண்டு. பனலைச் செய்தவர் அனேகமாகச் சீனாவில் இருக்கிறார். இறக்குமதி செய்தவர் கொழும்பில். பொருத்தியவர் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ வாடகைக் கடையில். இந்த மூவரில் முதலில் காணாமல் போகிறவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

காணாமல் போனதற்கும் காரணம் உண்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். அந்த ஓகஸ்டில் கட்டணம் 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். பில்லைப் பார்த்த சனம் நகையை வைத்தும், கட்டாரிலிருந்து வந்த காசைப் போட்டும் கூரைக்குப் பனல் ஏற்றியது. அந்த நேரத்தில் போன் விற்றவர், கூரைச் சீற் விற்றவர், வான் ஓடியவர் எல்லோரும் சோலர் கொம்பனி திறந்தார்கள். நல்லவர்களும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கொம்பனிக்கு இலாபம் முழுவதும் பொருத்துகிற அந்த நாளில்தான் கிடைக்கிறது என்றால், மறுநாள் அந்த வீட்டுக்கு வருவது அவருக்குச் செலவு மட்டும்தானே. சந்தை சூடாக இருந்தவரைக்கும் அடுத்த வீட்டு இலாபத்தில் முந்திய வீட்டின் குறையைப் பார்த்தார்கள். சூடு ஆறியதும் கடையைப் பூட்டினார்கள். நேர்மையானவரும் அந்தக் கணக்கில் பூட்டத்தான் வேண்டும்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். கடற்கரை வீதிப் பக்கம், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். 5 கிலோவாட். எங்கள் பக்க வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவில் தரும் என்று வைத்தால், மாதம் அறுநூறு யூனிட்டை ஒட்டி வரவேண்டும். முதல் வருடம் வந்திருக்கிறது. பிறகு குறைந்து குறைந்து நானூறுக்கும் கீழே. “மகன், பனல் பழுதாப் போச்சோ? இருபத்தஞ்சு வருசம் எண்டுதானே தந்தவங்கள்” என்று கேட்டார்.

ஏறிப் பார்த்தால் பனலில் பழுதே இல்லை. அதன்மேல் உப்புப் படை, காகத்தின் எச்சம். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு பக்கத்து வளவுத் தென்னையின் ஓலை நிழல் இரண்டு பனலில் விழுகிறது. பனல்கள் வரிசையாகத் தொடுக்கப்பட்டிருப்பதால் இரண்டின் குறை வரிசைக்கே போகும். தகரக் கூரையில் இறக்கிய ஆணிகள் துருப்பிடித்து, துருத் தண்ணீர் வழிந்த கோடு தெரிந்தது. அலுமினிய ரெயில் இரும்பைத் தொட்ட இடமெல்லாம் வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. உப்புக் காற்றில் இரண்டு வகை உலோகம் ஒட்டிக்கிடந்தால் அப்படித்தான் நடக்கும், அதற்கு இடையில் ஒரு ரப்பர் வைத்திருந்தால் தப்பியிருக்கும். பனல் வயர்களைத் தொடுக்கும் கனெக்டர்களில் ஆண் முனை ஒரு கொம்பனிச் செய்கை, பெண் முனை இன்னொரு கொம்பனிச் செய்கை. தொட்டுப் பார்த்தால் சூடு. தீப்பிடிப்பது இப்படியான இடத்தில்தான். கீழே வந்து இன்வெர்ட்டரின் பதிவைப் பார்த்தேன். நடுப்பகலில் திரும்பத் திரும்பக் கழன்றிருக்கிறது. அந்த ஒழுங்கையில் பல வீட்டில் சோலர், பகலில் எல்லோரும் ஒரே லைனில் கரண்டை ஏற்ற, 230 வோல்ட் இருக்கவேண்டிய லைன் 250ஐத் தாண்டுகிறது. தாண்டினால் இன்வெர்ட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். வெயில் நன்றாக இருக்கிற நேரம் பார்த்துத்தான் இது நடக்கும்.

பொருத்திய கொம்பனியின் இலக்கத்துக்கு அடித்தோம். பாவனையில் இல்லை. கடை இருந்த இடத்தில் இப்போது வேறு வியாபாரம். இன்னொரு கூத்து, அந்த இன்வெர்ட்டர் வைஃபை மூலம் எத்தனை யூனிட் உற்பத்தி என்று ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு வெளிநாட்டுக் கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அதைத் திறக்கும் கடவுச்சொல் கொம்பனிக்காரரிடம்! டீச்சரின் கூரை என்ன செய்கிறது என்பது டீச்சரைத் தவிர மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மேலே சொன்ன குறைகளில் ஒன்றையாவது அந்த 25 வருடத் தாள் பொறுப்பேற்காது. என் வாதம் முழுக்க இதில்தான் தொங்குகிறது.

2016 செப்டம்பரில் வீட்டுக் கூரைச் சோலருக்கான அரசாங்கத்தின் சூரிய பல சங்கிராமய திட்டம் தொடங்கியபோது வீட்டுக்காரரும் மின்சார சபையும் 20 வருட உடன்படிக்கை எழுதினார்கள். கூரையிலிருந்து லைனுக்குக் கொடுக்கும் கரண்டுக்குச் சபை தரும் விலை, முதல் ஏழு வருடம் யூனிட்டுக்கு 22 ரூபாய், மிச்சம் பதின்மூன்று வருடம் 15 ரூபாய் 50 சதம். அதன் பிறகு வந்தவர்களுக்கு விலை மாறியது, 20 வருடம் மாறவில்லை. வீட்டுக்காரர் 20 வருடம் கட்டுப்பட்டிருக்கிறார். சபை கட்டுப்பட்டிருக்கிறது. வங்கி, கடன் முடியும்வரை கட்டுப்பட்டிருக்கிறது. கூரையில் நின்று வேலை செய்த ஆள் மட்டும் இந்த உடன்படிக்கைக்குள் இல்லை. மூன்று பேர் கையெழுத்துப் போட்ட தாளில் நான்காவது ஆளுக்கு ஒரு வரி கூட இல்லாமல் எப்படி இருபது வருடம் ஓடும்?

இந்த நாட்டில் இது புதுக்கதையும் இல்லை. உலக வங்கி உதவியோடு 1997இல் தொடங்கிய திட்டத்திலும், 2002இல் வந்த அதன் அடுத்த கட்டத்திலும் மின்கம்பி போகாத ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சிறிய சோலர் தொகுதி கொடுத்தார்கள். ஒரு சின்னப் பனல், ஒரு பேட்டரி, நாலைந்து விளக்கு, ஒரு கறுப்பு வெள்ளை டீவி. இளவயதில் மகாஓயாப் பக்கம் வயரிங் வேலைக்குப் போனபோது அப்படியான வீடுகளைக் கண்டிருக்கிறேன். குப்பிலாம்பை ஓரம்கட்டிய வீடுகள் அவை, குறைசொல்ல மனமில்லை. ஆனால் மின்கம்பி வந்ததும் கொம்பனிகளின் கிளைகள் ஒவ்வொன்றாக மூடின. பேட்டரி செத்த பிறகு பனல் கோழிக்கூட்டுக்கு மூடியானது.

பங்களாதேசத்தில் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். கிராமீன் சக்தி 1996இல் தொடங்கியது. 2003இலிருந்து இட்கொல் என்ற அரச நிதி நிறுவனம் பல அமைப்புகளைப் பங்காளிகளாகச் சேர்த்து, நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சோலர் கொடுத்தது. காசு மாதத் தவணையில். தவணை வாங்க வருகிறவரே பேட்டரித் தண்ணீரையும் பார்த்து, வயரையும் இறுக்கிவிட்டுப் போவார். வேலை சரியில்லை என்றால் வீட்டுக்காரர் தவணையை இழுத்தடிப்பார். ஆகவே பொருத்தியவருக்கு அந்த வீடு மூன்று வருடத்துக்காவது தேவைப்பட்டது. அங்கேயும் மின்கம்பி வந்தபோது தவணை நின்று, பல அமைப்புகள் கஷ்டப்பட்டன என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் காசு வருகிற வழியும் பராமரிப்பு வருகிற வழியும் ஒன்றாக இருந்தவரை விளக்கு எரிந்தது.

ஜேர்மனியில் இருக்கும் என் மச்சான் ஒருவர் இந்தச் சோலர் விசயத்தில் என்னைவிடப் பைத்தியம். அவர் சொல்லித்தான் இதைத் தேடி வாசித்தேன். அங்கே 1990இல் ‘ஆயிரம் கூரைத் திட்டம்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெயர் ஆயிரம், முடிவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கூரைகள். அரசாங்கம் மானியம் கொடுத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: எவ்வளவு உற்பத்தியாகிறது, எது பழுதாகிறது என்று அளந்து எழுதிவைக்கவேண்டும். பிரைபேர்க் நகரில் 1981இல் தொடங்கிய பிரவுன்ஹோபர் சூரிய சக்தி ஆய்வு நிலையம் அந்த அளவைகளை ஆராய்ந்தவர்களில் முக்கியமானது. அதிகம் பழுதாவது பனல் அல்ல, இன்வெர்ட்டர் என்பது அந்தக் கூரைகளிலிருந்துதான் தெளிவாகத் தெரிந்தது. நிழலின் நட்டம் எவ்வளவு என்பதும் அப்படித்தான். அதே நிலையம் 1992இல் மின்கம்பியே இல்லாமல் வெயிலை மட்டும் நம்பிய ஒரு வீட்டைக் கட்டி, ஒரு குடும்பத்தைக் குடிவைத்து அளந்தது. கோடையில் மிஞ்சியதை ஐதரசனாக்கிக் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த வீடு. அவ்வளவு செலவு எங்களுக்குக் கட்டாது, தேவையும் இல்லை, எங்களுக்குத்தான் வருடம் முழுக்க வெயில் இருக்கிறதே.

எனக்குப் பிடித்தது அந்த நிலையம் நடக்கிற விதம். பிரவுன்ஹோபர் நிறுவனங்களின் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டும் அரசாங்கத்தின் நேரடிப் பணம், மிச்சத்தைக் கொம்பனிகளிடமும் திட்டங்களிடமும் ஒப்பந்தம் எடுத்து உழைக்கவேண்டும். ஆய்வுகூடம் கொம்பனியோடு வருடக்கணக்காகச் சேர்ந்து இருக்கும். கொம்பனி பழுதைச் சொல்லும், ஆய்வுகூடம் காரணத்தைக் கண்டுபிடிக்கும், அடுத்த இயந்திரம் கொஞ்சம் நல்லதாக வரும். இப்படிப் பத்து வருடம் அளந்த பிறகுதான் 2000ஆம் ஆண்டில், சோலர் கரண்டை 20 வருடம் நிலையான விலைக்கு வாங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த 20 வருடத்தை நாங்களும் எடுத்துக்கொண்டோம். அதற்கு முந்திய பத்து வருட அளவையைத்தான் விட்டுவிட்டோம்.

சரி, இங்கே என்னத்தை அளப்பது? என்னிடம் கேட்டால் ஒரு கொப்பி நிறையச் சொல்வேன்.

வைகாசி, ஆனியில் கச்சான் என்ற சூட்டுக் காற்று அடிக்கும்போது கூரைத் தகரத்தில் கை வைக்க முடியாது. பனலின் பெயர்ப்பலகையில் இருக்கும் வாட் 25 பாகை வெப்பத்தில் சோதித்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் 0.3, 0.4 சதவீதம் போல உற்பத்தி குறையும். 60 பாகையில் கிடக்கும் பனல் பத்துச் சதவீதத்துக்கு மேல் இழக்கிறது. தகரத்துக்கும் பனலுக்கும் இடையில் ஒரு சாண் காற்றிடம் விட்டால் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்? ஆனால் உயர்த்தினால் காற்று உள்ளே புகுந்து தூக்கும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட ஊர் இது. கூரைகள் பறந்ததை எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். வெப்பத்துக்கு உயர்த்துவதா, சூறாவளிக்குத் தாழ்த்துவதா, எந்த உயரம் சரி? இதைக் கொழும்பில் இருந்து யாரும் சொல்லமுடியாது. வேறு நாட்டுத் தாளும் சொல்லாது.

கழுவுகிற தண்ணீரை எடுங்கள். கடற்கரைப் பக்கம் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரால் கழுவினால் காய்ந்த பிறகு வெள்ளைப் படை நிற்கிறது. கழுவாமல் விடுவது நட்டமா, உவர்த் தண்ணீரால் கழுவுவது நட்டமா? ஒரே மாதிரி மூன்று பனலை வைத்து, ஒன்றைக் குழாய்த் தண்ணீரால், ஒன்றைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவி, ஒன்றை மழைக்கு விட்டு ஒரு வருடம் அளந்தால் பதில் வந்துவிடும். மாணவர் ஒருவரின் இறுதி வருடச் செயற்றிட்டத்துக்கு அதுவே போதும். சம்மாந்துறைப் பக்கம் கதை வேறு, அங்கே வேளாண்மை வெட்டும் காலத்தில் மெஷின் கிளப்பும் தூசி. கடற்கரைக்கு ஒரு கழுவல் அட்டவணை, வயல் பக்கத்துக்கு இன்னொன்று தேவைப்படும். மாரியில் இரண்டு பக்கமும் மழையே கழுவிவிடும், காசு கொடுத்து ஆள் ஏற்றத் தேவையில்லை.

உப்புக் காற்றுக்குப் பனலைச் சோதிக்க ஐ.ஈ.சி. 61701 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. நல்ல பனல்கள் அதில் தேறித்தான் வருகின்றன. ஆனால் எங்கள் கடைகளில் வாங்கிய ஆணி, கிளிப், எர்த் வயர் முடிச்சு எதுவும் எதிலும் தேறி வரவில்லை. பனல் 25 வருடம் நிற்கும், அதைப் பிடித்திருக்கும் ஆணி அவ்வளவு நிற்குமா என்பதுதான் என் பயம். தென்னை நிழலையும் மறக்கக்கூடாது. மரத்தை வெட்டச் சொல்வது சுலபம், தேங்காய் விற்கிற விலையில் எனக்கு வாய் வருவதில்லை. ஓலை நிழலில் எவ்வளவு யூனிட் போகிறது, காயில் எவ்வளவு வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுத் தந்தால் வீட்டுக்காரரே முடிவெடுப்பார்.

இதற்கு ஆட்கள் தூரத்தில் இல்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கடல் காற்று அடிக்கிற இடத்திலேயே இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், மஞ்சந்தொடுவாயில் தொழில்நுட்பக் கல்லூரி, அம்பாறையில் ஹாடி தொழில்நுட்ப நிறுவனம். கருவி வாங்கப் பெரிய காசும் தேவையில்லை, ஏனென்றால் நான் முன்பே சொன்ன மாதிரி ஒவ்வொரு இன்வெர்ட்டரும் நாள் தவறாமல் எழுதிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்காரர் சம்மதம் தந்தால், பொத்துவிலில் இருந்து வாகரை வரைக்கும் கடலோரம் ஒரு நூறு வீடு, உள்ளே ஒரு நூறு வீடு என்று அந்த எழுத்தை ஓரிடத்தில் சேர்க்கலாம். எந்த வீட்டில் எந்த மாதம் விழுந்தது என்று தெரிந்தால், ஏன் விழுந்தது என்று பார்க்க என்னைப்போல ஆட்கள் ஏணியோடு போவோம். எந்த ட்ரான்ஸ்போமரில் எத்தனை கிலோவாட் ஏறிய பிறகு வோல்ட் எகிறுகிறது என்பதும் அதே பதிவில் வரும். மின்சார சபைக்கு அது இனாமாகக் கிடைக்கிற வரைபடம்.

காசு எங்கிருந்து? இதிலேதான் கொம்பனிகள் வரவேண்டும், ஒரு நாள் விற்பனைக்கு வருகிற மாதிரி அல்லாமல். அரச கட்டட வேலையில் கொன்ட்ராக்டரின் காசில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, குறைகளைத் திருத்திய பிறகுதான் விடுவார்கள். சோலரிலும் வங்கி கடன் கொடுக்கும்போது மொத்த விலையில் பத்தில் ஒரு பங்கை நிறுத்தி, ஐந்து வருடத்தில் வருடம் ஒரு துண்டாக விடட்டும். கொம்பனி வந்து கழுவி, இறுக்கி, அளந்து, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் அந்த வருடத் துண்டு. ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடாந்தப் பராமரிப்புக் கட்டணம், அதையும் உற்பத்தியான யூனிட்டோடு கட்டிவிடலாம். யூனிட் கூடினால் கொம்பனிக்கும் காசு கூடும். ஒரு கொம்பனி மூடினால் அதன் வீடுகளை ஏற்கும் இன்னொரு கொம்பனியின் பெயர் முதல் நாளே தாளில் இருக்கவேண்டும். கொழும்பு இறக்குமதியாளர் கிழக்கில் நாலைந்து சிறு கொம்பனிகளோடு பத்து வருடத்துக்காவது ஒப்பந்தம் எழுதி, கல்முனையில் ஒரு களஞ்சியத்தில் உதிரி இன்வெர்ட்டர் வைக்கட்டும். பழுதானதைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பது இப்போது சாதாரணம், அந்த வாரங்களின் யூனிட்டை யாரும் திருப்பித் தருவதில்லை. பல்கலைக்கழக அளவைக்கும் இறக்குமதியாளர்கள் பங்கு போடலாம், கிழக்குக் கடலோரத்தில் சோதித்த பொருள் என்று விளம்பரத்தில் போட அவர்களுக்கு உண்மையான ஒரு காரணம் கிடைக்கும். ஒரு நிபந்தனை மட்டும்: முடிவு நல்லதோ கெட்டதோ, தமிழிலும் வெளியே வரவேண்டும். காசு போட்டவர் முடிவைப் பூட்டி வைக்கிறதென்றால் அந்த ஆய்வே வேண்டாம்.

இவன் தனக்கு வேலை தேடுகிறான் என்று சிலர் நினைப்பார்கள். ஓம், கொஞ்சம் தேடுகிறேன்தான். வருடம் முழுக்க ஒழுங்காக வருமானம் வந்தால் என்னிடம் வேலை பழகுகிற பையன் டுபாய்க்கு ஏஜென்சி பார்த்துத் திரியமாட்டான்.

இந்தப் பேச்சு ஏன் இப்போது? கூரைக் கரண்டுக்குச் சபை தரும் விலை இறங்கிவிட்டது. நெருக்கடிக்குப் பிறகு யூனிட் 37 ரூபாய் வரை போய், 27க்கு வந்து, 2025இல் 5 கிலோவாட் வரையான வீடுகளுக்கு 20 ரூபாய் 90 சதம் ஆனது. முந்தி நான்கு வருடத்தில் போட்ட முதலை எடுக்கலாம் என்று சொல்லி விற்றார்கள். இனி அப்படிச் சொல்ல இயலாது. போட்ட முதல் திரும்பவே அதிக வருடம் எடுக்கும் என்றால், ஒழுங்காகப் பராமரிக்காத கூரை கடனைக் கூடக் கட்டாது.

அடுத்து பேட்டரி வருகிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும், பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஏறிய கதை. குரங்கைப் பார்த்துச் சிரித்தோம். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை, பாவனை குறைவு, வெயில் நன்று, கூரைச் சோலர் நிறைய ஏறிய நேரம் என்பதுதான் பெரிய விசயம், பாவனை குறைந்து சோலர் கூடினால் லைன் தடுமாறும். அந்தச் சித்திரைப் புத்தாண்டுக்கே, ஏப்ரல் 13 முதல் 21 வரை பகலில் சோலரை நிறுத்திவைக்கச் சொல்லிச் சபை கேட்டது. நாடு இருண்ட அன்றைக்கு என் போன் ஓயவில்லை. கரண்ட் போனால் சோலரும் ஏன் போகிறது என்று கேட்டவர்கள்தான் அதிகம். “கூரை நிறையப் பனல் கிடக்கு தம்பி, உள்ளுக்க குப்பி லாம்பு” என்று சாய்ந்தமருதிலிருந்து ஒரு காக்கா, அதாவது முஸ்லிம் அண்ணர், சொன்னார். லைனில் வேலை செய்கிறவருக்குக் கரண்ட் அடிக்கக்கூடாது என்பதற்காக அந்த இன்வெர்ட்டர் தானாக நிற்கும். அது நல்ல ஏற்பாடு, விற்கும்போது சொல்லாததுதான் பிழை.

ஆகவே பகலில் பேட்டரியில் சேர்த்து இரவில் கொடுப்பதற்கு 2025இல் நல்ல விலை சொன்னார்கள், உச்ச நேரத்தில் யூனிட்டுக்கு 45 ரூபாய் 80 சதம். நல்லது. ஆனால் லிதியம் பேட்டரி பனல் மாதிரிச் சும்மா கிடக்கிற சாமான் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே சூட்டில் வைத்தால் ஆயுள் தேயும். உள்ளே அதைக் கட்டுப்படுத்தும் பலகை பல நேரம் ஒரு கொம்பனியின் இன்வெர்ட்டரோடுதான் பேசும், இன்னொன்றோடு பேசாது. அந்தக் கொம்பனி போய்விட்டால் பேட்டரி அநாதை. பனலில் விட்ட பிழையைப் பேட்டரியிலும் விட்டால் இந்த முறை நட்டத்தோடு தீயும் வரும். பேட்டரி விற்பனை எங்கள் பக்கம் பரவ முன்னரே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் செயலகங்கள் சபையையும் பல்கலைக்கழகங்களையும் வங்கிகளையும் கொம்பனிகளையும் ஒரு மேசையில் இருத்தினால் நல்லது. நிலைபெறுதகு எரிசக்தி அதிகார சபையில் பதிவு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. பதிவு எடுத்த கொம்பனி போன வருடம் எத்தனை வீட்டுக்குத் திரும்பிப் போனது என்பதும் பதிவில் இருக்கவேண்டும்.

கூட்டம் கூடும்வரை காத்திருக்க இயலாதவர்களுக்கு, அதாவது இந்த மாதமே கையெழுத்துப் போட இருப்பவர்களுக்கு: இன்வெர்ட்டரின் கடவுச்சொல்லை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் திறக்கச் சொல்லுங்கள். ஆணியும் கனெக்டரும் எந்த வகை என்று விலைப்பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். பனல்களின் தொடர் இலக்கங்களை ஏற்றுவதற்கு முன்னரே படம் எடுத்து வையுங்கள், ஏற்றிய பிறகு யாரும் திருப்பிக் காட்டமாட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னர் அதே கொம்பனி பொருத்திய ஒரு வீட்டைக் காட்டச் சொல்லி, அந்த வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசுங்கள்.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை ஒரு சின்னப் பெட்டியில், கிழக்கில் ஒரு பத்து வீட்டின் சோலர் உற்பத்தியை ஊர்ப் பெயரோடு மட்டும் போடமுடியுமா? கிலோவாட்டுக்கு எத்தனை யூனிட், பொருத்தி எத்தனை வருடம், கடலில் இருந்து எவ்வளவு தூரம், கடைசியாக எப்போது கழுவியது. ஆட்பெயர், கொம்பனிப் பெயர் ஒன்றும் வேண்டாம். முதல் மாதத்துக்கு டீச்சர் சம்மதித்துவிட்டார். சாய்ந்தமருதுக் காக்காவும் தருவதாகச் சொல்லியிருக்கிறார், நிந்தவூரிலும் ஒருவரைக் கேட்டிருக்கிறேன். மிச்ச வீடுகளை உங்கள் வாசகர்கள்தான் தரவேண்டும்.

இப்படிக்கு,
மின் திருத்துநர் ஒருவர்,
காரைதீவு.